பாத்தேன், பாத்துக்கறேன்

ஒரு வரியை அழிப்பதற்கு முன்னால் அக்கா அதன் தலையில் இரண்டு சாய்கோடுகள் போடுவார். அப்படிப் போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். வரி அங்கேயே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. "தூங்க வெச்சிக்கீறேன்" என்பார். கொஞ்ச நாள் அப்படியே விட்டுவைப்பார். எங்கிருந்தாவது யாராவது "ஐயோ, அது எங்கே போச்சு?" என்று கத்தினால் சாய்கோடுகளை எடுத்துவிடுவார். ஒருவரும் கத்தவில்லை என்றால் வரியை அழித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். "எடுத்துப் போடு, எவனாவது கத்துறானா பாரு." அவருடைய மொத்தத் தொழிலும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். இன்றைக்கும் எங்காவது இரண்டு சாய்கோடுகளைப் பார்த்தால் எனக்கு அந்த விரல்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். நடுவிரலால் அந்தச் சாவியை இரண்டு தட்டு தட்டுவார், தூங்குகிற குழந்தையின் முதுகில் தட்டுவதுபோல.

அக்கா என்கிறேனே தவிர, என்னைவிட வயதில் சிறியவர். ராயபுரம் மாதா கோயில் தெருக்காரர், அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அக்கா, தலை நரைத்த எங்கள் முதலாளிக்கும் அக்கா. பதிலுக்கு அவர் என்னை அண்ணாத்தே என்பார். ஆக, நான் அவருக்குத் தம்பியா அண்ணனா என்று கடைசிவரை தீர்மானம் ஆகவில்லை. கல்மண்டபத்தில், வலையும் நைலான் கயிறும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் மீன் வாசனை வரும், மூடினால் புது நைலான் வாசனை வரும். முதலாளி, அக்கா, நான், இவ்வளவுதான் கம்பெனி. எழுதுவது அக்கா. எழுதியதைக் கொண்டுபோய் வாடிக்கையாளர் இடத்தில் வைத்து, அவர்கள் திட்டுவதைக் கேட்டுவிட்டு வருவது நான். நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவன். கல்லூரிப் பக்கம் போகவில்லை. ஒரு பிரவுசிங் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டே கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பேச்சு. யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. மற்றதெல்லாம் மறந்துவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் விக்கி என்பது புதிதாக வந்திருந்தது. யார் வேண்டுமானாலும் திறந்து எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம் என்கிற மாதிரியான பக்கங்கள். அந்த மென்பொருளை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். அதில் இல்லாத வசதி ஏதாவது வேண்டுமென்றால் ஒரு சின்ன நிரலை எழுதி அதோடு ஒட்டவைக்கலாம். அதற்குப் பெயர் பிளக்கின். திருவொற்றியூரில் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டின் ஒர்க்‌ஷாப்புக்கு நாங்கள் ஒரு விக்கி போட்டுக் கொடுத்திருந்தோம். கன்டெய்னர்களைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற பெரிய வண்டிகளை ரிப்பேர் பார்க்கிற இடம் அது. ஒரு ஷிப்ட் முடித்துப் போகிறவர்கள் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர்களுக்கு எந்த வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் போக வேண்டும். கிரீஸ் படாமல் இருக்கக் கம்ப்யூட்டருக்குப் பிளாஸ்டிக் உறை, கீபோர்டில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர். அவர்கள் எழுதிய தமிழைப் படிக்கவே நான் அடிக்கடி அந்தப் பக்கங்களைத் திறப்பேன். "மூணாம் வண்டி பிரேக் மக்கர் பண்ணுது, எடுக்காதே, எட்த்தா பேஜாராயிடும்" என்று எழுதியிருப்பார்கள். எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவான எச்சரிக்கையை நான் படித்ததில்லை.

அந்த விக்கிக்கு அக்கா எழுதிய பிளக்கினில் இரண்டு பொத்தான்கள். முதலில் செய்தது 'பாத்தேன்'. குறிப்பைப் படித்தவர் அமுக்கினால் அவர் பெயர் கீழே வரும். யார்டு மேனேஜர் கேட்டது அது. அக்காவுடைய முதல் பிளக்கின், முதல் பொத்தான் என்பதால் அதன்மேல் அவருக்கு ஒரு செல்லம் உண்டு. இரண்டாவதை ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் கேட்டார். எல்லோரும் அவரை நைனா என்பார்கள். அத்திப்பட்டிலிருந்து எலக்ட்ரிக் டிரெயினில் வந்து போகிறவர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் என்னிடம், "பாத்துக்கறேன்னு இன்னொண்ணு போடச் சொல்லுப்பா" என்றார். நான் வந்து சொன்னேன், அக்கா அன்று மத்தியானமே போட்டுவிட்டார். கேட்டார், கொடுத்தோம். காரணம் கேட்கிற வழக்கமெல்லாம் எங்களிடம் அப்போது இல்லை. இரண்டு பொத்தானுமே செய்வது ஒரே வேலைதான், அமுக்கியவர் பெயரையும் நேரத்தையும் குறிப்புக்குக் கீழே எழுதி வைக்கும்.

பிளக்கினை உலகத்துக்கும் கொடுக்கலாமே என்று அக்கா அதை இணையத்தில் போட்டார். அதற்கு ஆங்கிலப் பெயர் வேண்டியிருந்தது. 'பாத்தேன்' என்பதற்கு 'சீன்' என்று போட்டார். 'பாத்துக்கறேன்' வந்தபோது, மதியச் சாப்பாட்டு நேரம், வாயில் மீன் முள்ளோடு யோசித்து, 'சீயிங்' என்று போட்டுவிட்டார். ஒன்று பார்த்தாயிற்று, இன்னொன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் யாரும் அதில் ஒரு தப்பும் காணவில்லை. அதற்கப்புறம் அக்கா அந்த இரண்டையும் நினைக்கும்போதெல்லாம் ஆங்கிலத்திலேயே நினைக்கத் தொடங்கிவிட்டார் என்பதும் அப்போது யாருக்கும் தெரியவில்லை.

விக்கியின் புதுப் பதிப்பு வந்தது. அதில் பழைய பிளக்கின்கள் ஓடாது, ஒவ்வொன்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அக்கா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. மேஜையிலிருந்து நாற்காலி நாளுக்கு நாள் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. "இது வெளிய வர்றதுக்குள்ள அது வெளிய போவணும் அண்ணாத்தே" என்று வயிற்றையும் திரையையும் காட்டுவார். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் கோளாறு வந்தால் பார்க்க ஆள் கிடையாது. அதனால் பிளக்கினை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்க வேண்டும் என்று தேவையில்லாததைத் தேட ஆரம்பித்தார். சரியாக அந்த நேரத்தில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதினார். அவரும் எங்கள் பிளக்கினைப் பயன்படுத்துகிறவர். குறை சொல்வதற்கென்றே எழுதினாலும் மரியாதையாக எழுதுவார் என்பதால் நாங்கள் அவருக்கு ஜெர்மன் மாமா என்று பெயர் வைத்திருந்தோம். புதுப் பதிப்பில் ஒரு பக்கத்தை யார் யார் திறந்தார்கள் என்று விக்கியே பதிந்து வைக்கிறதே, பிறகு 'சீன்' எதற்கு, அதுவும் போதாமல் 'சீயிங்' எதற்கு என்று அவர் கேட்டிருந்தார். அக்கா படித்துவிட்டு, "மாமா கரீட்டாத்தான் கேக்குறாரு" என்றார். இரண்டு பொத்தானுக்கும் சாய்கோடு விழுந்தது. தூங்க வைத்த பிளக்கினை யார்டில் போட்டுவிட்டு யாராவது கத்துகிறார்களா என்று காத்திருந்தோம்.

யாரும் கத்தவில்லை. நான் இரண்டு மூன்று தடவை போன் செய்து, "எல்லாம் நல்லா ஓடுதா?" என்று கேட்டேன். "ஓடுது, ஓடுது" என்றார்கள். கம்ப்யூட்டரைத்தான் சொன்னார்கள். எனக்கும் அது போதுமாக இருந்தது. அக்கா அழித்துவிட்டுப் புதுப் பதிப்பைத் தாமே நேரில் வந்து ஏற்றிக் கொடுப்பதாகச் சொன்னார். பிரசவத்துக்கு முன்னால் ஒருதடவை அவர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்கிற ஆசைதான். ராயபுரத்தில் டிரெயின் ஏறி, திருவொற்றியூரில் இறங்கி, டிரெய்லர் லாரிகள் நகராமல் நின்றிருந்த ரோட்டின் ஓரமாக மெதுவாக நடந்து போனோம். நாங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தபோது பகல் ஷிப்ட் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சாயந்தர ஷிப்ட் ஆட்கள் வேலையில் இருந்தார்கள். பகல் ஷிப்ட் ஃபோர்மேனான நைனா மட்டும் போகவில்லை. கை கால் கழுவி, தலை வாரி, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு வண்டி, பிரேக் ஓஸ் என்கிற ரப்பர் குழாயைக் கழற்றிய நிலையில் நின்றிருந்தது.

"இன்னா நைனா, வூட்டுக்குப் போவலியா?" என்றார் அக்கா.

"போவணும்மா."

சாயந்தர ஷிப்ட் வெல்டர் வண்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். எங்கள் ஏரியாக்காரர், பாக்சிங் ஆடி மூக்கு வளைந்தவர், நாங்கள் ஒருவரையொருவர் மாமு என்போம். "நைனா இப்பல்லாம் இங்கதாங்கா கீது. வூட்ல சோறு போடறதில்லியாம்" என்றார்.

"வேலயப் பார்றா" என்றார் நைனா. பிறகு அக்காவிடம், "ஓஸ் நாளைக்குத்தாம்மா வரும். அதுக்குள்ள எவனாச்சும் வண்டிய எட்த்துட்டான்னா? அதான் குந்திக்கினு கீறேன்" என்றார். பல வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒருவன் எடுத்து, கீழே படுத்து வேலை செய்துகொண்டிருந்தவருக்குக் கால் போயிருக்கிறது. அந்தக் கால் போனவர் நைனாவின் தோஸ்து என்று வெல்டர் பிற்பாடு எனக்குச் சொன்னார்.

"அதான் பக்கத்துல எழுதிட்டியே நைனா. எல்லாரும் தொறந்து பாத்துட்டாங்க. இதோ பேரு கீது பாரு."

"பாத்துட்டாங்க, இல்லேங்கல. நானுந்தான் தெனம் ஏரோப்ளேன் பாக்கறேன். ஓட்டவா போறேன்?"

வெல்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. திரையில் இருந்த பெயர்களையே பார்த்துக்கொண்டு, "சீயிங்" என்று தனக்குள் ஒருமுறை சொன்னார். பிறகு சத்தமாக, "பாத்துக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தார். அப்புறம்தான் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த டிரம்மில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "அண்ணாத்தே, நான் தமிழ்ல எழுதுனத நானே இங்கிலீஷ்ல படிச்சிட்டு எடுத்துட்டேன். 'பாத்தேன்'னா கண்ணு. 'பாத்துக்கறேன்'னா கழுத்து, பொறுப்பு அதுமேல வந்து குந்திக்கும். ரெண்டும் ஒண்ணுன்னு அந்த மாமாக்குத் தோணலாம், எனக்குமா தோணும்?"

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. "ஏன் நைனா, பொத்தானக் காணோம்னு ஒரு வார்த்த கத்தக் கூடாதா? ஒரு போன் போட்டிருந்தா அன்னிக்கே வெச்சிருப்பேன்ல? இத்தினி நாளா வூட்டுக்குப் போவாம குந்திக்கினு கீற!"

நைனா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "புள்ளத்தாச்சிப் பொண்ணு. முடியல போல கீது, வேலயக் கொறச்சிக்கிதுன்னு நெனச்சேன்."

எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. யாராவது கத்துகிறார்களா என்று நாங்கள் மாடியில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் இந்த மனிதர் எங்களுக்காகவே வாயை மூடிக்கொண்டு, ஒவ்வொரு டிரெயினாகப் போகவிட்டுக்கொண்டு இந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறார். கத்துகிறவர்கள் எப்போதும் கத்துவார்கள். கத்தாதவர்களைக் கண்டுபிடிக்க அக்காவின் சாஸ்திரத்தில் வழி இல்லை. அவர் அதை அன்று அங்கேயே புரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் பழையபடி இரண்டு பொத்தானையும் திரும்ப வைத்துவிட்டுக் கிளம்பியிருப்போம். நைனா கேட்டதும் அதுதான். "ரெண்டையும் குட்துடும்மா, இருந்துட்டுப் போவட்டும்." ஆனால் அக்கா கரைந்துபோகிற ஆள் இல்லை. மேஜைமுன் உட்கார்ந்து பழைய பக்கங்களைத் திறந்து பார்த்தார். 'பாத்துக்கறேன்' என்பதையும் ஒரே குறிப்பின்கீழ் ஏழெட்டுப் பேர் அமுக்கியிருந்தார்கள். "இன்னா நைனா இது, கல்யாண மொய் மாதிரி ஊரே எழுதிக் கீது? ஏழு பேரு பாத்துக்கறேன்னா ஒருத்தனும் பாத்துக்க மாட்டான்" என்றார். 'பாத்தேன்' வேண்டாம், அதைத்தான் பக்கமே சொல்லிவிடுகிறதே. 'பாத்துக்கறேன்' ஒன்று போதும். ஆனால் ஒரு குறிப்புக்கு ஒரே ஒருவர்தான் அமுக்க முடியும். ஒருவர் அமுக்கியதும் பொத்தான் மறைந்து அந்த இடத்தில் அவர் பெயர் மட்டும் நிற்கும். தம்முடைய தலைச்சன் பொத்தானையே எடுத்துவிடுகிறேன் என்று அவரே சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நைனாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒருத்தன் பேரு மட்டும் நின்னா, நாளைக்கி எதுனா ஆச்சின்னா மேனேஜரு அவன் கழுத்ததான் புடிப்பான். அதுக்குப் பயந்துகினு எவனும் அமுக்க மாட்டான். அப்பறம் நான் இங்கயே பாய் போட்டுக்க வேண்டியதுதான்."

"எவனும் அமுக்கலன்னா அதயாச்சும் நீ தெரிஞ்சிக்கோ. பழைய பொத்தான் இருந்தப்ப அது தெரியாமலே வூட்டுக்குப் போய்க்கினு இருந்த."

"அக்கா, ஏன் சண்ட? மூணாவதா 'பாத்துக்கலாம்'னு ஒரு பொத்தான் வையி" என்றார் வெல்டர். "எங்க ஷிப்ட்ல எல்லாரும் சந்தோசமா அமுக்குவோம்." நைனாவே சிரித்துவிட்டார். நம் ஊரில் 'பாத்துக்கலாம்' என்றால் அந்த வேலை நடக்காது என்று அர்த்தம். எல்லோருக்கும் தெரியும், யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

அக்கா ஊதிய கால்களைப் பெட்டியின்மேல் தூக்கிவைத்துக்கொண்டு அங்கேயே எழுதினார். நான் டீ வாங்கி வந்தேன். எழுதி முடித்ததும் சாயந்தர ஷிப்ட் ஆட்களைக் கூப்பிட்டு, "இனிமே ஒரு பொத்தான்தான், ஒருத்தர்தான்" என்று காட்டினார். எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். திரையில் நைனாவின் குறிப்பும் அதன்கீழ் தனியாக அந்தப் பொத்தானும் இருந்தன. ஒரு கையும் நீளவில்லை.

"நீ அமுக்கு மாமு."

"நான் எதுக்கு? சீனியரு அமுக்கட்டும்."

"என் கையி கலீஜா கீதுப்பா."

நைனா தோளில் இருந்த பையை இறக்கிப் பக்கத்தில் வைத்தார். நான் சொன்னேனே என்பதுபோல அக்காவைப் பார்த்தார். அக்கா டீ டம்ளரை இறுக்கிப் பிடித்திருந்தார். யார் முகத்திலும் வெறுப்பு இல்லை என்பதை நான் கவனித்தேன். பழைய பொத்தானை டீக்கடையில் நியூஸ்பேப்பரைப் புரட்டுவதுபோல அமுக்கியவர்கள் இப்போது யோசித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

வெல்டர்தான் முதலில் பேசினார். கிண்டல் போய்விட்டிருந்தது. "நைனா, சாவி யாராண்ட கீது?"

"என்னாண்ட."

"சக்கரத்துக்குக் கட்ட வெச்சிக்கீறியா?"

"முன்னாடி வெச்சிக்கீறேன். பின்னாடி வெக்கல."

வெல்டர் போனார். ஒரு மரக்கட்டையைத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார். திரும்பி வந்து சாவிக்காகக் கையை நீட்டினார். நைனா கொடுத்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டு, கிரீஸ் படாத முழங்கையால் மவுசைத் தள்ளி, சுண்டுவிரலால் அமுக்கினார். பொத்தான் மறைந்தது, அவர் பெயர் வந்தது. அத்தனை நாளில் ஒருவர் கேள்வி கேட்டு, போய்ப் பார்த்து, அப்புறம் அமுக்கியது அதுதான் முதல் தடவை என்று நைனா என்னிடம் மற்றொரு நாள் சொன்னார். அன்று அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்துவிட்டார். அக்காவிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அதில் அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜெர்மன் மாமாவுக்குப் பதில் எழுத அக்கா பட்ட பாடு தனி. "ஐ வில் சீ" என்று எழுதினார். அப்புறமாகப் பார்க்கிறேன் என்று ஆகிவிட்டது. வேறொன்று எழுதினார், அது நோயாளியைக் கவனிப்பதுபோல இருந்தது. கடைசியில் 'சீயிங்' என்பதை எடுத்துவிட்டு, எந்த நாட்டில் போட்டாலும் பொத்தானில் தமிழிலேயே 'பாத்துக்கறேன்' என்று வருகிற மாதிரி விட்டுவிட்டார். அதன் பொருளைக் கீழே ஒரு பத்தி விளக்கியிருந்தார். மாமா உடனே பதில் போட்டார். எழுத்து முறுக்கு மாதிரி அழகாக இருக்கிறது, எங்கள் பட்டறையிலும் பார்க்கிறவர்கள்தான் அதிகம் என்று எழுதியிருந்தார். அக்காவுக்குப் பெண் பிறந்தது.

அந்தப் பெண் இப்போது காலேஜ் போகிறாள். ஆபீஸ் இருந்த மாடியில் கூரியர் கம்பெனி இருக்கிறது. அக்கா ராயபுரத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். நான் என் பேச்சை வைத்து வேறு கம்பெனிகளில் பிழைக்கிறேன். போன மாதம் அக்கா போன் செய்தார். அந்தப் பழைய பிளக்கினை இணையத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்று யோசிக்கிறாராம். மாமா ரிட்டயர் ஆகிவிட்டார், விக்கியும் எவ்வளவோ மாறிவிட்டது, அறிவிப்புப் போட்டு ரொம்ப நாளாகியும் யாரும் கத்தவில்லை. "அப்போ எடுத்துட வேண்டியதுதானே?" என்றேன். "கத்தலன்றதால எடுத்துட முடியுமா அண்ணாத்தே? நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

போனேன். யார்டு கை மாறியிருந்தது, கேட்டில் பெயர் எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். நைனா வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. அத்திப்பட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம் என்றார்கள். வெல்டர்தான் இப்போது ஃபோர்மேன். மூக்கு அதே வளைவில் இருக்கிறது, தலை மட்டும் வெளுத்துவிட்டது. சின்னப் பையன்கள் அவரை நைனா என்று கூப்பிட்டார்கள். விக்கி இருந்த கம்ப்யூட்டர் இல்லை. எல்லாம் செல்போன் குரூப்பில்தான் என்று சொல்லிக்கொண்டே ஒரு வண்டியைப் பற்றி வாயாலேயே பேசி, அதை எழுத்தாக்கி அனுப்பினார். அவருக்கு ஷிப்ட் முடிகிற நேரம். கை கழுவிவிட்டு வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். செய்திக்குப் பக்கத்தில் இரண்டு டிக் நீலமாயின. நான் எழுந்தேன்.

"கெளம்பலாமா மாமு?"

"இரு மாமு. பாத்துட்டானுங்க, அவ்ளோதான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு பையன், அந்த வண்டியின் சாவி எங்கே என்று கேட்டான். இவர் பதில் போட்டார். அவன் வண்டியின் சக்கரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினான், கட்டை வைத்திருந்தது. அதன்கீழ் எந்தப் பொத்தானும் இல்லாமல், அவனே ஒவ்வொரு எழுத்தாக அடித்து, ஒரே வார்த்தை எழுதியிருந்தான், 'பாத்துகறேன்'. அதில் ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போயிருந்தது. அது வந்ததும் மாமு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

கேட்டுக்கு வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, எடுத்துடலாமா?"

"தாராளமா எடுத்துடுங்க அக்கா" என்றேன். "இங்க எல்லாரும் கரெக்ட் டைமுக்கு வூட்டுக்குப் போறாங்க."